றொக் இசைத்தட்டுகளின் நாதம் பிறந்த வரலாறு

மேனாட்டு றொக் இசை என்ற மாத்திரத்தே காதைப் பொத்திக்கொள்வோர் நம்மிடையே இன்றும் உளர். கூச்சல் என்பர், இரைச்சல் என்பர், கிற்றாரைக் கையிலெடுத்த பிள்ளையை நோக்கி, ஒழுங்கான வாத்தியமொன்றைப் பழகக் கூடாதா என்று கடிவர். மறுபுறத்தில், அவ்விசையிற் பித்துக்கொண்ட இளைஞரோ அந்த நாதம் விலையுயர்ந்த கருவிகளிலிருந்தே பிறக்கின்றது என்று நம்பி, பெற்றாரை நச்சரித்துப் பணத்தைக் கரைக்கின்றனர். இரு சாராரும் இவ்விசையின் வரலாற்றை அறியாதாரே என்பது எமது துணிபு. பெரியோர் இரைச்சல் என்று கூறுவது உண்மையில் இரைச்சல்தான். அதனை நாம் மறுக்கப் புகவில்லை. ஆனால் அவ்விரைச்சல் வேண்டுமென்றே தெரிந்தெடுக்கப்பட்ட ஒன்று. அதனைத் தெரிந்தெடுத்தவர்களின் கையில் அவ்வேளை இருந்தவையோ பெரும்பாலும் பழுதுபட்ட பெட்டிகளும், கிழிந்த காகிதமும், பழைய கம்பளிச் சட்டையுமே.

கதை 1951ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்குகின்றது எனலாம். ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்துக் கிளாக்ஸ்டேல் என்னும் ஊரிலிருந்து கறுப்பின இளைஞர் சிலர் வாத்தியங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு மெம்பிஸ் நகருக்குப் புறப்பட்டனர். அக்குழுவின் தலைவர் ஐக் ரேணர். கிற்றார் வாசித்தவர் வில்லி கைசாட். மின்கிற்றாருக்குத் தானாக ஓசை மிகக் குறைவு என்பதை வாசகர் நினைவிற் கொள்ளவேண்டும். தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருளொன்று மின்னலையாக மாற்றுகின்றது. அவ்வலையை அம்பிளிபயர் என்னும் பெட்டி பெருக்குகின்றது. பெட்டியினுள்ளே இருக்கும் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு அதிர்ந்து எமது காதுக்கு ஓசை தருகின்றது. கைசாட்டின் பெட்டி வழியிற் பழுதுற்றது. காரிலிருந்து விழுந்தது என்பாரும், மழையில் நனைந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், மெம்பிஸில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த சாம் பிலிப்ஸ் என்பவரிடம் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அக்கூம்பு கிழிந்து கரகரத்தது. வேறு பெட்டி இல்லை. பிலிப்ஸ் கிழிந்த இடத்திலே காகிதத்தைக் கசக்கி அடைத்துப் பார்த்தார். கிற்றார் சாக்ஸபோன் போல உறுமிற்று. வேறு எவராயினும் பதிவை ஒத்திப் போட்டிருப்பர். பிலிப்ஸ் அவ்வொலியை விரும்பினார். மறைக்காது முன்னுக்கு நிறுத்தியே பதிவு செய்தார்.

அப்பாட்டு "றொக்கெற் 88". கறுப்பின மக்களின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் அவ்வாண்டே அது முதலிடம் பெற்றது. இசைத்தட்டின்மீது அச்சாகியிருந்த பெயரோ, அன்று பாடிய ஜக்கி பிறென்ஸ்டனின் பெயர். குழுத்தலைவர் ரேணரின் பெயர் தலைப்பில் இல்லை. அந்த உறுமலை வாசித்த கைசாட்டின் பெயரை இன்றும் இசைப் பித்தர் சிலரே அறிவர். இதனை நாம் இங்கே அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. மேலே வரும் வரலாறு முழுவதிலும் இதுபோன்றதொரு குறை தொடர்ந்து வரக் காண்போம்.

மெம்பிஸிலிருந்த அக்கூடம் மிகச் சிறியது. பிலிப்ஸ் அங்கே செய்த மற்றொரு காரியமும் சொல்லத்தக்கது. ஒலிநாடா இயந்திரம் இரண்டினை வைத்து, ஒன்றிற் பதிந்த ஒலியை மற்றதினூடே சற்றுத் தாமதித்து வரச்செய்து, இரண்டையும் கலந்தார். பதியும் தலைக்கும் ஒலிக்கும் தலைக்கும் இடையே நாடா கடக்கவேண்டிய தூரமே அத்தாமதம். ஏறத்தாழ வினாடியின் எட்டிலொரு பங்கு. சுவரில் எறிந்த பந்து உடனே திரும்பி வருவதுபோல் ஒவ்வொரு ஒலியும் ஒருமுறை திரும்பி ஒலிக்கும். 1954ஆம் ஆண்டு ஜூலையில் எல்விஸ் பிறெஸ்லி அங்கே பாடிய முதல் இசைத்தட்டிலே டிறம் இல்லவே இல்லை. இரண்டு கிற்றாரும் ஒரு பெரிய பேஸ் வாத்தியமுமே இருந்தன. பேஸ் வாசித்த பில் பிளக், தந்தியை இழுத்துப் பலகையில் அறைந்து தாளத்தை உண்டாக்கினார். அதே கூடத்தில் 1956இல் "ஐ வோக் த லைன்" என்ற பாட்டைப் பதிந்த ஜோனி காஷ், கிற்றார்த் தந்திகளினிடையே காகிதத் துண்டொன்றைச் செருகி வாசித்தார். தந்தியின் நாதம் அடங்கி, சிறு முரசின் சரசரப்புப் போன்ற ஓசை எழுந்தது. அடுத்த ஆண்டிலே நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் படி ஹொலியின் குழு பதிந்த பாட்டுகளுள் ஒன்றிற்கு டிறம் வாசிப்பவர் தமது முழங்காலைத் தட்டினார். இன்னொன்றிற்குக் கடதாசிப் பெட்டியைத் தட்டினார். இவற்றைக் கேட்டோர் எவரும் டிறம் இல்லையே என்று குறைப்பட்டதாகத் தெரியவில்லை.

இனிக் கிற்றாரின் உறுமலுக்கு மீள்வோம். பழுதான பெட்டியின் ஓசை ஏன் இனிக்கின்றது? தந்தி மென்மையாக அதிருங்கால் மின்னலை ஒழுங்கான மேடுபள்ளமாக எழுந்து விழும். அம்பிளிபயரின் வால்வுகள் தாங்கும் அளவுக்கு மேலாக அதனைச் செலுத்தினால், மேட்டின் உச்சியும் பள்ளத்தின் அடியும் வெட்டுண்டு தட்டையாகும். அங்ஙனம் வெட்டுண்ட அலையிலே மூல சுருதியோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வுடைய துணைநாதங்கள் பல வந்து சேரும்; ஓசை தடிக்கும். மேலும், மீட்டிய கணத்தில் ஓங்கி உடனே தேய்வதே கிற்றாரின் இயல்பு. உச்சி வெட்டுண்டபின் அத்தேய்வு காதுக்குத் தெரியாது. வில்லால் இழுத்த வயலின்போல நாதம் நீளும். இதற்கு ஒரு விலையும் உண்டு. சட்சமும் பஞ்சமமும் ஆகிய இரண்டை மட்டும் சேர்த்து மீட்டினால் இவ்வுறுமல் தெளிவாக நிற்கும்; இடையிலே காந்தாரத்தையும் சேர்த்தால் குழம்பிச் சேறாகிவிடும். றொக் கிற்றார்காரர் இரண்டு சுரங்களோடு நின்றுகொள்வது அறியாமையால் என்று எண்ணுவோர் இதனைக் கவனிப்பாராக.

கைசாட்டுக்குத் தற்செயலாக நேர்ந்ததைப் பின்வந்தோர் வேண்டுமென்றே செய்தனர். லிங் றே என்பவர் ஒலிபெருக்கியின் கூம்பிலே பென்சிலாற் குத்தித் துளையிட்டார். அவ்வாறு பதிந்து 1958இல் வெளிவந்த "றம்பிள்" என்னும் இசைத்தட்டில் ஒரு சொல்லேனும் இல்லை. வெறும் வாத்திய இசை. ஆயினும் இளைஞரைக் கலகத்துக்குத் தூண்டுமென அஞ்சி அமெரிக்க வானொலி நிலையங்கள் சில அதனை ஒலிபரப்ப மறுத்தன! சொல்லற்ற இசைக்குத் தடை விதித்த விந்தை வேறெங்கும் நிகழ்ந்ததோ அறியோம். 1964இல் இலண்டனிலே பதினேழு வயதுச் சிறுவனான டேவ் டேவிஸ், தமது மலிவான சிறு அம்பிளிபயரின் கூம்பைச் சவர அலகினாற் கீறி, அதன் ஓசையைப் பெரியதோர் அம்பிளிபயரினூடே செலுத்தினார். கிங்க்ஸ் குழுவின் "யூ றியலி கொற் மீ" அவ்விதம் பிறந்தது. அது அவ்வாண்டே பிரித்தானியாவில் முதலிடத்தை அடைந்தது.

இவையிரண்டிற்கும் இடையே நாஷ்வில் நகரில் வேறொன்று நடந்தது. 1960இல் மாட்டி றொபின்ஸ் என்னும் பாடகரின் பாட்டொன்றைப் பதியும்போது, கிறேடி மாட்டின் வாசித்த பேஸ் கிற்றார் சென்ற வழியிலே, ஒலிக்கலவை மேசையின் ஓர் உறுப்புப் பழுதுற்றது. வண்டு குடைவதுபோல ஓசை வந்தது. அதனை நீக்குவதா வைப்பதா என்று கூடத்தில் விவாதம். வைத்தே வெளியிட்டனர். பொறியாளர் கிளென் சினொடி அத்துடன் நிற்கவில்லை. பழுதான உறுப்பு முற்றாகச் செத்துவிட்டால் அவ்வோசையும் செத்துவிடும் அன்றோ? ஆதலின் ரான்சிஸ்டர்களைக் கொண்டு அதே பழுதைத் தரும் சிறு பெட்டியொன்றை வகுத்தார். கிப்சன் கம்பனி அதனை 1962இல் விற்பனைக்கு விட்டது. கிற்றாரைக் கொம்பு வாத்தியம் போலவும் செல்லோ போலவும் ஒலிக்கச் செய்யலாம் என விளம்பரம் செய்தது. வாங்குவாரில்லை. 1965 மே மாதத்தில் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் கீத் றிச்சட்ஸ், கொம்பு வாத்தியம் வாசிக்கவேண்டிய இடத்தைக் காட்டி வைப்பதற்கென்றே அப்பெட்டியைக் காலால் மிதித்து வாசித்தார். பின்னர் உண்மையான கொம்பு வாத்தியத்தைச் சேர்க்கலாம் என்பது அவர் எண்ணம். மற்றையோர் அப்படியே வெளியிட்டனர். அதுவே "சற்றிஸ்பக்சன்". அதன்பின் கடைகளில் அப்பெட்டிக்குத் தட்டுப்பாடு.

இனி இங்கிலாந்தின் அம்பிளிபயர்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இலண்டனின் மேற்கே ஹன்வெல் என்னுமிடத்திற் கடை வைத்திருந்த ஜிம் மாஷல், தொழிலால் டிறம் வாசிப்பவர், டிறம் ஆசிரியர். கிற்றார்காரர் அவர் கடைக்கு வந்து, அமெரிக்கப் பெண்டர் அம்பிளிபயர்கள் எட்டாத விலையாக இருக்கின்றனவே என்று முறையிட்டனர். 1962 அளவில் அவரும் அவருடைய ஆட்களும் பெண்டர் பெட்டியொன்றின் அமைப்பைப் பார்த்து, உள்நாட்டிற் கிடைத்த உறுப்புகளைக் கொண்டு அதனைப் போன்ற ஒன்றைச் செய்தனர். பிரதிதான், ஆனால் உறுப்புகள் வேறு, ஒலிபெருக்கிகள் வேறு, ஆதலின் ஓசையும் வேறாயிற்று. 1966இல் ஜோன் மேயோலின் குழுவோடு டெக்கா கம்பனியின் கூடத்திற்குச் சென்ற எறிக் கிளப்டன், தமது மாஷல் பெட்டியை மேடையில் வாசிப்பதுபோலவே உச்ச அளவில் வைத்து வாசிப்பேன் என்று பிடிவாதம் செய்தார். அக்காலத்துப் பொறியாளருக்கு அது தலையிடி; மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டலாகாது என்பதே அவர்கள் கற்ற பாடம். இறுதியில் கிளப்டனே வென்றார். அடுத்த ஆண்டு ஜிமி ஹென்றிக்ஸ் இதே வழியில் வெகுதூரம் சென்றார். அவருடைய டிறம் வாசிப்பாளர் மிச் மிச்செல் சிறுவயதில் அந்த ஹன்வெல் கடையிலே வேலை செய்தவர் என்பது சுவையான செய்தி.

டிறம் ஒலியின் கதை வேறு வகையானது. கிற்றாரின் கதை பெட்டியைப் பற்றியது. டிறத்தின் கதையோ தூரத்தைப் பற்றியது. ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்பதே அங்கு முழுக் கேள்வியும்.

இலண்டன் அபி றோட்டிலுள்ள ஈ.எம்.ஐ. கம்பனியின் கூடத்திற் சட்டதிட்டங்கள் மிகுதி. பெருமுரசுக்கு இரண்டு அடிக்குக் கிட்ட ஒலிவாங்கியை வைக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. காற்றழுத்தத்தால் விலையுயர்ந்த ஒலிவாங்கி கெட்டுப்போகும் என்பது காரணம். 1966 ஏப்ரலில் பீற்றில்ஸ் குழுவின் பதிவுக்குப் பொறுப்பேற்ற ஜெவ் எமெறிக்கின் வயது இருபதே. முதல் நாளே சட்டத்தை மீறினார். றிங்கோ ஸ்ராரின் பெருமுரசுக்குள்ளே, குழுவினரிடம் கிடந்த நான்கு கழுத்துடைய வேடிக்கையான கம்பளிச் சட்டையொன்றைத் திணித்து, தேவையற்ற முழக்கத்தை அடக்கினார். ஒலிவாங்கியைச் சில அங்குலத் தூரத்திற்குக் கொண்டுபோனார். வந்த ஒலியை லிமிற்றர் எனப்படும், உரத்ததை ஒடுக்கும் கருவியினூடே கடுமையாகச் செலுத்தினார். அக்கருவி அடியின் உச்சியை அமுக்கி, பின்தொடரும் அதிர்வை மேலே தூக்கும். ஆகவே சிம்பலின் ஓசை அலைபோற் பின்வாங்கி எழுவது கேட்கும். "ருமொறோ நெவர் நோஸ்" என்ற அப்பாட்டில், நமது தம்புராவின் சுருதி பின்னணியில் நிற்க, அந்த டிறம் இடியாது தளராது சென்றுகொண்டேயிருக்கும். மேலிடத்திலிருந்து எமெறிக்குக்குக் கண்டனம் வந்தது. பின்னர் பீற்றில்ஸின் பதிவுகளுக்கு மட்டும் அவ்வாறு செய்யலாம் என்று எழுத்து மூலம் அனுமதி வந்ததாம். அதே குழு 1968இல் "றெவலூசன்" பாட்டுக்காகக் கிற்றார்களை அம்பிளிபயரே இல்லாமல் நேராக ஒலிக்கலவை மேசையிற் பொருத்தி, மேசையையே உறுமச் செய்தது. 1969இல் "கம் ருகெதர்" பாட்டுக்கு றிங்கோ தமது முரசுகளின்மீது தேநீர்க் கோப்பை துடைக்கும் துணிகளை விரித்து வாசித்தார். மிருதங்கத்தின் இடப்புறத்தில் ரவை அப்பி நாதத்தைத் தாழ்த்தும் வழக்கத்தை அறிந்த எமக்கு இதிலே வியப்பில்லை. ஆங்கிலேயருக்கு அது புதுமையாயிற்று.

எமெறிக் கிட்டப் போனார். அன்டி ஜோன்ஸ் எட்டப் போனார். லெட் செப்பெலின் குழுவின் நான்காவது இசைத்தட்டு 1971 நவம்பரில் வெளிவந்தது. அதன் பெரும்பகுதி பதியப்பட்டது ஒலிப்பதிவுக் கூடத்தில் அன்று; ஹாம்ஷயர் மாவட்டத்தின் ஹெட்லி கிறேஞ்ச் என்னும் பழைய மாளிகையிலே. றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினரின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வாயிலில் நிறுத்திவிட்டு உள்ளே வாசித்தனர். மாளிகை என்றோமாயினும் அது செல்வர்க்கெனக் கட்டப்பட்டதன்று. 1795இல் வேலையற்ற ஏழைகளையும், முதியோரையும், அநாதைப் பிள்ளைகளையும் அடைத்து வைக்கும் ஏழைவிடுதியாகக் கட்டப்பட்டது. 1830இல் பட்டினி பொறுக்காத கமத்தொழிலாளர் திரண்டு வந்து அதனைத் தாக்கிய வரலாறும் உண்டு.

ஜோன் பொன்ஹமின் டிறம் அம்மாளிகையின் முன்மண்டபத்திலே, மாடிப்படியின் அடியில் வைக்கப்பட்டது. உயர்ந்த கூரை, வெறுஞ்சுவர், மேலே மேலே வளைந்து செல்லும் படிக்கட்டு. ஜோன்ஸ் டிறத்துக்குக் கிட்ட ஒலிவாங்கி ஒன்றேனும் வைக்கவில்லை. மாடிப்படியின் மேலிருந்து இரண்டு ஒலிவாங்கிகளைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டார், அவ்வளவே. பெருமுரசுக்கெனத் தனி ஒலிவாங்கி கிடையாது. ஒலியை ஒடுக்கும் கருவியினூடும், பின்சன் என்னும் இத்தாலிய எதிரொலிக் கருவியினூடும் அதனைச் செலுத்தினார். "வென் த லெவீ பிறேக்ஸ்" பாட்டின் தொடக்கத்திற் கேட்பது இதுவே. டிறம் மட்டுமன்றி வீடே வாசிக்கப்படுவது போன்ற ஒலி. பொன்ஹம் ஓங்கி அடித்தமையால் வந்தது என்று பலர் நினைக்கின்றனர். ஓங்கி அடிப்போர் எத்தனையோ பேர். அடிகளுக்கிடையே போதிய இடம் விட்டு, படிக்கட்டு பதில் சொல்லும்வரை பொறுத்து அடிக்கத் தெரிந்தமையே அவருடைய திறமை என்போம் நாம்.

அப்பாட்டு எங்கிருந்து வந்தது? 1927இல் மிசிசிப்பி ஆற்றின் அணைகள் உடைந்து, இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். அவர்களுள் மிகுதியானோர் கறுப்பின ஏழை உழவர். அவ்வெள்ளத்தைப் பற்றிக் கான்சாஸ் ஜோ மக்கோய், மெம்பிஸ் மினி என்னும் கறுப்பினத் தம்பதியர் 1929இல் பதிந்த பாட்டே அது. இரண்டு கிற்றாரும் ஒரு குரலும். லெட் செப்பெலின் இசைத்தட்டில் ஆக்கியோர் வரிசையில் மெம்பிஸ் மினியின் பெயர் குழுவினர் நால்வர் பெயருடன் அச்சாயிற்று. மூலப் பதிவிற் பாடிய கணவரின் பெயர் அங்கே இல்லை. அவர் 1950இலேயே இறந்துவிட்டார். அன்டி ஜோன்ஸின் ஒலிவாங்கிகளைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களுள் நூறிலொன்றேனும் இவரைப் பற்றி எழுதப்பட்டிருக்குமா என்பது ஐயமே. பொன்ஹமின் அந்த டிறம் ஒலியோ தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டு வேறு பாட்டுகளிலும் நுழைந்தது. 1986இல் பீஸ்ற்றி போய்ஸ் என்னும் நியூயோர்க் குழு அதன்மீது தங்கள் முதல் இசைத்தட்டின் முதற் பாட்டை அமைத்தது.

தற்செயலின் கடைசி உதாரணம் ஒன்றுண்டு. 1979இல் இலண்டன் ரவுண்ஹவுஸ் கூடத்தில் பீற்றர் கேப்றியலின் பதிவு நடந்துகொண்டிருந்தது. டிறம் வாசித்தவர் பில் கொலின்ஸ். சிம்பலைத் தொடலாகாது என்பது கேப்றியலின் கட்டளை. வாசிப்போர் பேசுவதைப் பொறியாளர் கேட்பதற்கென்று கூடத்தின் உச்சியில் ஓர் ஒலிவாங்கி தொங்கும். மூலையில் முணுமுணுப்பதும் கேட்கவேண்டும் என்பதற்காக அதிலே மிகக் கடுமையான ஒடுக்கும் கருவி பொருத்தப்பட்டிருந்தது. அது பதிவுக்குரியதன்று. கொலின்ஸ் வாசித்துக்கொண்டிருக்கையில் பொறியாளர் ஹியூ பட்ஹம் அதன் பொத்தானை அழுத்தினார். பூகம்பம் போன்ற ஓசை! அதனைப் பதிவு செய்ய மேசையில் வழியில்லாமையால் கம்பிகளை மாற்றி இணைத்தனர். ஒலி தேயத் தொடங்கியவுடன் கதவடைத்தாற்போல நிறுத்தும் கருவியையும் சேர்த்தனர். பெருமண்டபத்து முழக்கம் எழுந்து, எதிரொலி முடியுமுன்னே அறுந்துபோகும். கொலின்ஸ் 1981இல் வெளியிட்ட "இன் தி எயர் ருநைற்" வழியாக அவ்வொலி உலகெங்கும் பரவி, அப்பத்தாண்டு முழுவதும் எல்லாப் பாட்டிலும் திணிக்கப்பட்டது. எமது காதுக்கு அது விரைவிற் சலித்துப்போயிற்று.

இன்று இவ்வொலிகள் அத்தனையும் கணினிக்குள்ளே பொத்தான்களாக அடங்கிவிட்டன. கிழிந்த கூம்பையும் ஹெட்லி கிறேஞ்ச் படிக்கட்டையும் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். ரவுண்ஹவுஸ் 2008இல் மூடப்பட்டது. அபி றோட் கூடம் 2010இல் பாதுகாக்கப்பட்ட கட்டிடமாக அறிவிக்கப்பட்டது. காகிதம் அடைத்த பெட்டியைப் பதிந்த மெம்பிஸ் கூடத்தை உல்லாசப் பயணிகள் கட்டணம் செலுத்திப் பார்க்கின்றனர். ஹெட்லி கிறேஞ்ச் தனியார் வீடாகிவிட்டது. அந்த மாடிப்படியில் ஏறி இறங்குவோர் அவ்வீட்டாரே.